நடந்தால் திறக்கும் வாசல்

ஜனவரி 20, 2025, திங்கள்

கம்பெனி பஸ்ஸில் எழுதுகிறேன். போச்சம்பள்ளி வர இன்னும் நேரமிருக்கிறது. எனக்குச் சுகராம். ஏழாவது மாசத்தில்! எங்க வீட்டில் யாருக்குமே இல்லையே... பாப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா?

“ஒண்ணும் ஆவாது பொற்கொடி” என்றார் என் வீட்டுக்காரர் அஸ்வின். சொல்லும்போது அவர் குரலே சரியில்லை.

ஜனவரி 22, புதன்

டாக்டர் அருணா பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தசைக்குள் போக ஒரு புரதம்தான் வாசலாம். சும்மா இருக்கும்போது அது செல்லுக்குள்ளேயே ஒதுங்கிக் கிடக்குமாம். இன்சுலின் கூப்பிட்டால் மேலே வரும். கர்ப்பத்தில் சிலருக்கு அந்தக் கூப்பாடு சரியாகக் காதில் விழுவதில்லை.

“ஆனா நடந்தா, தசை சுருங்கறப்போ, இன்சுலின் கூப்பிடாமலே வாசல் மேல வரும். சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடங்க. ரெண்டு வாரம் பாப்போம்.”

என் காலுக்குள் இவ்வளவு நடக்கிறதா!

ஜனவரி 26, ஞாயிறு

“வயித்தத் தூக்கிக்கிட்டு என்னாத்துக்கு நடை? படு” என்று அஸ்வின் ஒரே பிடி. நேற்று சாப்பிட்டுப் படுத்தேன், பிறகு மீட்டரில் பார்த்தால் சுகர் 158. இன்றும் அதே சோறு, அதே குழம்பு. பிடிவாதமாக நடந்தேன். 116!

மீட்டரை ரெண்டு தடவை பார்த்தார். அப்புறம் குனிந்து என் காலிடமே கேட்டார்: “வாசல் தொறந்துச்சா?”

பிப்ரவரி 3, திங்கள்

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கம்பெனி ஷெட்டைச் சுற்றி நடந்தேன். கூட வேலை செய்யும் செல்வம்மாள் அக்கா துணைக்கு வந்தார். பின்னாலேயே எங்க லைன் பொண்ணுங்க எல்லோரும். “பொற்கொடி பஸ் கெளம்பிருச்சு, ஏறுங்கடி!” என்று அக்கா கத்த, சிரிப்பில் எனக்கு மூச்சு வாங்கியது.

பிப்ரவரி 5, புதன்

காலையில் வெறும் வயிற்றுச் சுகர் மட்டும் இறங்கவே இல்லை. ராத்திரிக்குக் கொஞ்சம் இன்சுலின் எழுதிவிட்டார் டாக்டர். அழுதுட்டேன்.

“அப்போ நடந்ததெல்லாம் வீணா டாக்டர்?”

“யார் சொன்னது? சாப்பாட்டுக்கு அப்புறம் உங்க காலாலதான் இறங்குது. தூங்கறப்போ யார் நடக்கறது? அந்த வேலைய ஊசி பாக்கட்டும்.”

பிப்ரவரி 6, வியாழன்

ஓசூரில் மிஷினில் மயிரிழையை விடச் சின்ன மைக்ரான் அளவு பார்க்கிற அஸ்வின், ஊசியைக் கையில் வாங்கியதும் குத்தாமலே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்! வாங்கி நானே போட்டுக்கொண்டேன். எறும்பு கடித்த மாதிரிதான். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மார்ச் 16, ஞாயிறு

வெறும் வயிற்றில் 88. ஸ்கேனில் பாப்பா எடை சரியாக இருக்கிறது. சந்தையில் மாங்காய் வந்தாச்சு.

ஏப்ரல் 12, சனி

பொண்ணு! மூணு கிலோ.

பிறந்ததும் குட்டிக் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். வார்டே அதிர வீறிட்டாள். அஸ்வினும் கூடவே அழுதார். நர்ஸ் சிரித்துக்கொண்டே, “சுகர் நல்லா இருக்கு, பால் குடுங்க” என்றார்.

இப்போது குடிக்கிறாள். ஒரு கையால்தான் எழுதுகிறேன். அவள் கால் ரெண்டும் ஒரு நிமிஷம் சும்மா இல்லை — உதைத்துக்கொண்டே குடிக்கிறாள்.