எழுபத்திரண்டு கிலோ

ஞாயிறு, இரவு.

ஒருவழியாக இவருக்குச் சைக்கிள் வாங்கியாகிவிட்டது. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் உள்ள மலைச் சைக்கிள்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எங்கள் பட்ஜெட்டில் புதிதாகக் கிடைப்பது இரும்பு கேட் மாதிரி கனக்கிறது. அதே காசுக்குத் தொம்மலூரில் ஒருவர் தன் பழைய சைக்கிளை விற்றார். லேசானது, நல்லது. ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்தபடி பின்பக்க ஷாக்கில் காற்று அடிக்க வேண்டுமாம்.

"சார், உங்க வெயிட் எவ்ளோ?" என்று கேட்டார்.

"எழுபத்திரண்டு," என்றார் இவர், என்னைப் பார்த்துக்கொண்டே. சர்க்கரை வந்ததிலிருந்து ராத்திரி ஓட்ஸ்தான் கொடுக்கிறேன். வாராவாரம் ஆபீஸ் மெஷினில் பார்த்ததாகச் சொல்லும் எடை அது.

காற்று அடித்து, ஏறி உட்கார்ந்ததும் ஷாக் முழுக்க அமுங்கிவிட்டது. விற்கிறவர் பயந்துபோனார். "ஐயோ, ஷாக் போயிடுச்சு போல. வேணாம் சார், விட்டுடுங்க."

இவர் முகம் வாடிவிட்டது. நான் பக்கத்தில் நிற்க, நிஜத்தைச் சொல்லவும் முடியவில்லை, பாவம்.

"வண்டியில தண்ணி பாட்டில் இருக்கு, எடுத்துட்டு வரேன்," என்று நான் வெளியே போய் நின்றுகொண்டேன். உள்ளே ஏதோ குசுகுசுப்பு. பிறகு பம்ப் அடிக்கும் சத்தம். நிற்கவே இல்லை. ஆபீஸ் கேண்டீன் போண்டாக்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்து போயின.

"காத்துதான் கம்மியா இருந்துச்சாம்," என்றார் இவர்.

"அப்படியாங்க," என்றேன்.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு வரை நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தேன். நிஜமாகவே எழுபத்திரண்டு கிலோ ஆள் மாதிரிதான் மிதித்தார்.