வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்த குவளை

என்னங்க,

நைட் டியூட்டி முடிஞ்சு வந்ததும் படுத்துடாதீங்க. புது ஷவர் மாட்ட பிளம்பர் வருவார். வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுங்க. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.

காலையில குட்டி வழக்கம்போல, ஷவர் தண்ணி உடம்பெல்லாம் ஊசியா குத்துதுன்னு அழுதா. "அப்பா தினமும் அதுலதானே குளிக்கிறார்?"னு அதட்டினேன்.

"இல்லம்மா. அப்பா சும்மா திறந்துவிட்டுட்டு, தள்ளி நின்னு குவளையில மொண்டு ஊத்திப்பார். அவருக்கும் குத்துமாம். சொன்னா நீ சிரிப்பியாம்."

தூக்கிவாரிப் போட்டுடுச்சு. நான் சிரிப்பேனா? கட்டின நாள்லேர்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு, மனுஷன் சுகமா குளிக்கிறார்னு நினைச்சிட்டிருக்கேன்! இவளுக்கு ஆட்டிசம்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லையே"ன்னு உங்கம்மா என்னையே பார்த்தாங்க. அப்பவும் நீங்க ஜன்னலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தீங்க. சாயந்திரம் வந்து வெச்சுக்கிறேன்.

இந்தச் சீட்டையும் சாவியையும் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போறேன். குட்டியை ஸ்கூல்லேர்ந்து நீங்கதான் கூட்டிட்டு வரணும்.

பி.கு: மெஷினுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்த குவளையைக் கண்டுபிடிச்சுட்டேன். கழுவி குழாய்க்குக் கீழேயே வெச்சிருக்கேன். பக்கத்துல இருக்கிற சின்னது அவளுக்கு.

நான் சிரிக்கலை.