கராஜுக்குள் உதித்த சூரியன்

கிளென் வேவர்லி,
ஆடிக் குளிர்

என் அன்பு மகள் வைதேகிக்கு, உன்னைத் தூக்கி வளர்த்த குற்றத்துக்காக இன்றுவரை உன்னிடம் திட்டு வாங்கும் சித்தப்பா நரசிம்மன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், சிட்னி டூங்கபியில் நீயும் நலமாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க எல்லாத் தெய்வங்களையும் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைச் சிரிக்கவைக்க எனக்கு அவகாசம் தரமாட்டாய், அதனால் கடிதம்.

உன் விசாரணைக்குப் பதில்: ஆமாம், அந்தச் சூரியனை வாங்கி வந்தவன் நான்தான். இந்த வருடக் குளிரில் காலையில் விட்ட கொட்டாவி மதியம்வரை உறைந்து தொங்குகிறது. சித்திக்கோ மோர்மிளகாய் காய வேண்டும், ரத்தத்தில் வைட்டமின் டி ஏற வேண்டும். வெள்ளைக்காரர்கள் தோலைப் பழுப்பாக்கப் படுக்கும் விளக்குக் கட்டிலை யாரோ சும்மா தருவதாக இணையத்தில் போட்டிருந்தார். பிறவியிலேயே வறுபட்டு வந்த நம்மை எந்தக் கதிர் என்ன செய்யும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கொண்டுவந்து கராஜில் வைத்தேன். முதலில் படுத்தவை மிளகாய்கள். ஊதா வெளிச்சத்தில் தேவலோகத்து அப்சரஸ்கள்போல் மல்லாந்து கிடந்தன, காயத்தான் காயவில்லை. அடுத்து சித்தி படுப்பதாக இருந்தது. அப்போதுதான் சித்தி போனில் உளற, டாக்டரைக் கேட்காமல் படுத்தால் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்று நீ சத்தம் போட்டாய், போன் இல்லாமலே சிட்னியிலிருந்து கேட்டிருக்கும்.

பயந்து டாக்டர் ரதியிடம் போனோம். யாழ்ப்பாணத்துப் பெண். “கடையளில நடத்தவே தடை செய்த சாமானை வீட்டுக்குள்ள கொண்டந்து வச்சிருக்கிறியளோ அங்கிள்” என்று ஆரம்பித்தார். வைட்டமினுக்குக் குளிசை காணுமாம், அதாவது மாத்திரையே போதுமாம். இப்போதே கொஞ்சம் பழுப்பாகிக்கொண்டால் கோடை வெயில் சுடாதே என்றேன், பழுப்பாவதே தோல் காயப்பட்ட அடையாளம் என்றார். கறுப்புத் தோலுக்குமா என்று கேட்டதற்கு, “நிறம் கொஞ்சம் காக்கும், முழுக்கக் காக்காது. எங்கட ஆக்களுக்கு வெயில் படாத இடத்திலயும் தோல் கான்சர் வரும். அன்ரி, சொக்ஸைக் கழட்டுங்கோ” என்றார். சித்தியின் குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி. கேரம் டவுன்ஸ் கோயிலை வெறுங்காலோடு சுற்றிச் சுற்றி ஏறிய கறை என்று வருடக்கணக்காகக் கல்லை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை உனக்குச் சொல்லக்கூடாது என்றது சித்திதான். அந்த நாட்களில் என் வழக்கமான புளுகுகளில் ஒன்றைக்கூட நான் அவிழ்க்கவில்லை என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள். நேற்று வந்தது. கெட்ட புள்ளிதான் மகளே, ஆனால் மேல்தோலைத் தாண்டவில்லை. இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டிவிட்டு, அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதுமாம். சித்தி கேட்ட ஒரே கேள்வி, தைப்பூசத்துக்குச் செருப்பில்லாமல் கோயில் சுற்றலாமா என்பது. “ஓம் அன்ரி, வடிவாச் சுத்தலாம்” என்றார் டாக்டர். அங்கேயே என் கண் கொஞ்சம் வியர்த்துவிட்டது.

கட்டிலை இனி ஒருவரும் படுக்க முடியாதபடி பிரித்துப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டேன். மிளகாய் இப்போது ஹீட்டருக்கு முன்னால் காய்கிறது, பக்கத்துத் தெரு நாய்கள்கூடத் தும்முகின்றன. ஒரு பொட்டலம் உனக்கு எடுத்து வைத்திருக்கிறாள்.

நீ போட்ட சத்தம்தான் சித்தியைக் காப்பாற்றியது, அந்தத் தொண்டை நூறாண்டு வாழட்டும். இன்றே உன் உள்ளங்காலைப் பார். பொங்கலுக்கு வந்து எங்கள் காலில் விழும்போது, அவசரமாக எழுந்துவிடாமல், எங்களை உட்காரவைத்து அந்தக் கால்களைத் திருப்பியும் பார்த்துவிடு. ஆசி அதற்குள் எங்கும் ஓடிவிடாது.

இப்படிக்கு,
சூரியனையே நாடு கடத்திய உன் சித்தப்பா,
நரசிம்மன்