நிறுத்தினால் நிற்கிற வண்டி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் உன்னிடம் பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், நான் எதையாவது உளறிவிடுவேனோ என்று. அதனால்தான் அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். உன் சித்தி கண்ணாடி மாற்றிக்கொண்டாள், இப்போதுதான் என் தலை நரைத்திருப்பது தெரிகிறதாம். நரைக்காமல் என்ன செய்யும், நான் படுகிற பாட்டுக்கு.

விஷயம் நீ அப்பாவுக்குச் செய்து கொடுத்துவிட்டுப் போன அந்த ரிமோட் வண்டியைப் பற்றியது. போன வருஷம் பழைய கட்டடம் ஒன்றில் தரைப் பலகைக்கு அடியில் வயர் இழுக்கப் போய், அந்த இடுக்கில் அவர் மயங்கிக் கிடந்ததும், கூட வேலைக்குப் போயிருந்த உன் மாமா காலைப் பிடித்து வெளியே இழுத்ததும் உனக்கு மறந்திருக்காது. இதயத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், இனிமேல் காற்றில்லாத இடத்தில் தலையை நீட்டவே கூடாது என்றார், நீயும் லீவு போட்டு வந்து இந்த வண்டியைச் செய்து கொடுத்தாய். அதன் வாலில் நூலைக் கட்டி இந்தப் பக்கம் விட்டால் தவழ்ந்து தவழ்ந்து அந்தப் பக்கம் போய்ச் சேரும், பிறகு நூலில் வயரைக் கட்டி இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். நானும் நிம்மதியாக இருந்தேன். உன் மாமா எப்பேர்ப்பட்ட அவசரக் குடுக்கை என்று உனக்குத் தெரியுமே, நூல் எதற்கு, வேலை இரட்டிப்பாகிறது என்று ஒருநாள் தடித்த வயரையே வண்டியில் கட்டிவிட்டிருக்கிறான். அது பாதி வழியில் இழுக்க முடியாமல் திணறி, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தச் சின்னப் பெட்டி, கன்ட்ரோலர் என்கிறார்களே, அது புகைந்து போய்விட்டது. தப்பு செய்தவன் சும்மா இருக்க முடியாமல், கடையில் இருந்ததிலேயே மலிவானதை, வேகமாக ஓடும் என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி வாங்கி வந்து மாட்டினான். அது பந்தயக் காருக்கு உள்ளதாம். ரிமோட்டைத் தொட்டால் பாய்கிறது, விட்டால் மேட்டில் நிற்காமல் பின்னால் உருள்கிறது. ஓர் அச்சகத்தில் வயர் இழுக்கிற வேலையில், தரைக்கு அடியில் ஒரு சரிவில் அப்படியே உருண்டு குழியில் கவிழ்ந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று உன் அப்பா உள்ளே போனார். போனவர் சும்மா வரவில்லை, வயரையும் தானே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். உன் மாமா சமையலறையில் வந்து நின்று, "நான் வாங்கின கண்றாவியாலதான்கா அவர் உள்ள போனார், என்னைத் திட்டு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் குறை வைக்கவில்லை, நன்றாகவே திட்டினேன்.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு நானே கடைக்குப் போனேன். எல்லோரும் எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்கிற கடையில், எவ்வளவு மெதுவாகப் போகும், நிறுத்தினால் நிற்குமா என்று நான் கேட்டதும் அங்கிருந்தவர்களுக்கு ஒரே சிரிப்பு. கடைக்காரப் பெண் மட்டும் சிரிக்காமல் வண்டியைத் திருப்பிப் பார்த்து, "உங்களுது கார்பன் வச்ச பழைய மாதிரி மோட்டார்மா, இதுக்கு விலை கூடினது தேவையே இல்ல, பாறை ஏறுற வண்டிக்குன்னு ஒரு கன்ட்ரோலர் இருக்கு, அதுவே போதும்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். விலையும் நம் கைக்கு அடங்கியது, தண்ணீர் பட்டாலும் தாங்குமாம். அதில் குட்டித் தொப்பி மாதிரி இரண்டு இருக்கின்றன, பிடுங்கி இடம் மாற்றிச் செருகலாம். ஒன்று என்ன வகை பேட்டரி என்று சொல்வதற்கு, இன்னொன்று கையை எடுத்ததும் பிரேக் பிடித்து நிற்பதற்கு. பேட்டரிக்கு உள்ளதை மாற்றிச் செருகினால் பேட்டரி உப்பிக்கொள்ளும் என்று அவள் பயமுறுத்தியதால், சரியாகச் செருகி மேலே நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டேன், உன் மாமா கை வைக்காமல் இருக்க. வீட்டில் அலமாரிப் பலகையைக் கழற்றிக் கட்டிலில் சாய்த்து, அப்பாவின் கனத்த வேலை ஷூ ஒன்றை நூலில் கட்டி ஏற்றிப் பார்த்தேன். பாதியில் கையை எடுத்தேன், ஒட்டி வைத்தது போல நின்றது. கன்ட்ரோலரைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான்.

இவ்வளவும் செய்து என்ன பிரயோஜனம். காலையில் வண்டியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகிறார், சாயங்காலம் அப்படியே கொண்டு வந்து வைக்கிறார், சக்கரத்தில் ஒரு தூசி இல்லை. உன் மாமாவைத் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் கக்கினான். புதிதாக வந்த மேஸ்திரி எல்லோர் முன்னாலும், "பெரியவர் விளையாடி முடிக்கட்டும், அப்புறம் வேலையை ஆரம்பிக்கலாம்" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவர் ரிமோட்டைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, குனிந்து உள்ளே போய்விட்டாராம். அன்றிலிருந்து வண்டிக்குப் பதில் இவரேதான் உள்ளே போகிறார். "நான் வெளிய உக்காந்து கால் அசையுதான்னே பாத்துக்கிட்டு இருக்கேன்கா, எனக்கு வேற வேலையே ஓடல" என்றான் உன் மாமா. கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. இத்தனை வருஷம் உழைத்த மனுஷன், எல்லோரும் சிரித்தால் தாங்குவாரா. ஆனால் எனக்கு அவர் வேண்டுமே. உன்னிடம் மட்டும் ஒவ்வொரு தடவையும், "வண்டிதான் போகுது, நான் ஜாலியா வெளிய உக்காந்திருக்கேன்" என்கிறார், நீயும் சந்தோஷப்பட்டுப் போனை வைக்கிறாய், நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். சொல்லிவிட்டால் மாமாவை வேலைக்குக் கூட்டிப் போகமாட்டேன் என்று மிரட்டி வைத்திருக்கிறார். அவனும் இல்லையென்றால் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருக்க யார் இருக்கிறார்கள்.

நான் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். நீ கேட்டால் கேட்பார், உன் முன்னால் தோற்றுப்போவது ஒன்றும் அவருக்கு அவமானமில்லை. அழாதே, சண்டை போடாதே, மேஸ்திரி சொன்னது உனக்குத் தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே, அப்புறம் உன் முகத்தையே பார்க்க மாட்டார். இந்தக் கடிதத்துக்குப் பதிலும் போடாதே. தலைக்கு எண்ணெய் வை, கண்ட நேரத்தில் காபி குடிக்காதே. நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவுக்கு அதுதான் வேண்டுதல்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துப் பேசும்போது புது கன்ட்ரோலர் எப்படி ஓடுகிறது என்று கேள், அவர் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் பேன்ட்டை மடித்து முட்டியைக் காட்டச் சொல். தவழ்ந்து தவழ்ந்து இரண்டிலும் தோல் உரிந்து கிடக்கிறது, மருந்து போடப் போனால் காலை இழுத்துக்கொள்கிறார். பேச்சை மாற்றிப் பார்ப்பார், நீ விடாதே. நான் பக்கத்திலேயே இருப்பேன், போனை வாங்கிக் கீழே பிடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா