குச்சியில் வந்த பெயர்

ஜூலை 8, திங்கள்

ஏழாம் வகுப்பு ‘ஏ’ பிரிவில் இன்று நிகழ்தகவு ஆரம்பம். பூவா தலையா போட்டதில் வகுப்பே சந்தைக்கடை ஆகிவிட்டது. தொடர்ந்து நான்கு தடவை பூ விழுந்ததும், “அடுத்தது தலைதான் சார், அதுக்கும் ரோஷம் இருக்காதா?” என்றான் முன்பெஞ்சு வாயாடி. காசுக்கு ரோஷமும் கிடையாது, ஞாபகமும் கிடையாது என்றேன்.

முன்பெஞ்சுக்காரர்களிடம் மட்டுமே நான் கேள்வி கேட்பதாகப் போன மாதப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு புகார். அதற்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டேன். முப்பத்தாறு ஐஸ் குச்சிகளில் முப்பத்தாறு பெயர்களை எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டாயிற்று. கண்ணை மூடி ஒன்றை எடுப்பேன். யார் பெயரோ அவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். குச்சி திரும்பவும் டப்பாவுக்குள். பாடமும் ஆச்சு, பாரபட்சமும் போச்சு.

மனைவியிடம் சொன்னேன். “அந்த டப்பாவ வீட்டுக்கும் கொண்டு வாங்க. யாரு பாத்திரம் தேய்க்கறதுன்னு பாக்கலாம். ரெண்டே குச்சிதான் வேணும்” என்றாள்.

ஜூலை 10, புதன்

தலைமையாசிரியை பின்னால் நின்று பார்த்தார். “நல்லா இருக்கே” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது குதிரைக்கொம்பு.

ஜூலை 11, வியாழன்

சுருட்டையின் குச்சி வந்தது. முடியைப் பார்த்து வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். பரீட்சைத் தாளில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பேச எழுந்தால் மட்டும் முதல் எழுத்திலேயே திக்கும்.

ஒரு பையில் சிவப்பு, நீலம், பச்சை என்று நிறத்துக்கு மூன்று கோலிகள். நீலம் வரும் வாய்ப்பு என்ன? மூன்றில் ஒன்று. விடை தெரியும் என்பது அவள் கண்ணிலேயே இருந்தது. “மூ... மூ...” அதற்கு மேல் வரவில்லை. காத்திருந்தேன். காத்திருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். பின்பெஞ்சிலிருந்து யாரோ அதே மாதிரி “மூ” என்றார்கள். ஒரே சிரிப்பு. நான் அதட்டுவதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூலை 12, வெள்ளி

இன்றும் அவள் பெயர்! தேடினாலும் கிடைக்காத உதாரணம். விடவில்லை. “பாத்தீங்களா, நேத்து வந்த பேரே இன்னைக்கும். டப்பாவுக்கு நேத்து நடந்தது எதுவும் ஞாபகம் இல்ல. இன்னைக்கும் முப்பத்தாறுல ஒண்ணுதான்.” வகுப்புக்குப் பளிச்சென்று புரிந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மணி அடித்த பிறகு என்னிடம் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினாள். ‘போர்டில் எழுதிக் காட்டட்டுமா சார்?’

“உனக்குன்னு தனிச்சட்டம் போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கம்மா. பழகப் பழகச் சரியாயிடும்” என்றேன். தலையாட்டினாள்.

எல்லாருக்கும் ஒரே விதி. சரியாகத்தானே சொன்னேன்?

ஜூலை 16, செவ்வாய்

மூன்றாவது தடவை. எழுந்தாள், வாயே திறக்கவில்லை. “அவளுக்குப் பதிலா நான் சொல்லட்டா சார்?” என்றான் வாயாடி. “உன் பேரு வரட்டும், அப்ப சொல்லு” என்றேன்.

மணி அடிக்கும்வரை நின்றாள். உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன்.

மறந்தேனா?

ஜூலை 18, வியாழன்

நேற்றும் இன்றும் அவள் வரவில்லை. காய்ச்சல் என்றாள் பக்கத்தில் உட்காரும் தோழி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஜூலை 22, திங்கள்

அவள் அம்மா வந்தார். வக்கீல். கோர்ட்டுக்குப் போகிற வழியில், கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பதில்களையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

“டப்பா விஷயம் கேள்விப்பட்டேன் சார். யாருக்கும் ஓரவஞ்சனை இல்ல. நானே வாதாடினாலும் உங்க மேல குத்தத்த நிரூபிக்க முடியாது.” கோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “வீட்ல வாய் ஓயாது சார் அவளுக்கு. திக்கித் திக்கியாவது எங்கிட்ட எல்லாத்தையும் கொட்டிடுவா. இப்ப எங்கிட்டயும் எழுதித்தான் காட்டறா.”

“அவ குச்சிய எடுத்துடறேன் மேடம். நான் அவகிட்ட பேசறேன்.”

“வேணாம் சார். ‘பி’ பிரிவுக்குப் போறேங்கறா. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.”

போட்டேன்.

என்ன பண்ணிட்டேன் நான்! இத்தனை தடவை குச்சி எடுத்தா யாரோ ஒருத்தருக்கு மூணு தடவை வரத்தான் செய்யும் — அந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. அந்த யாரோவுக்கு ஒரு முகம் இருக்கும்னு ஏன் தோணல? டப்பாவுக்கு ஞாபகம் இல்ல, சரி. எனக்குமா இல்ல?

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எழுதிக் காட்டறேன்னு அந்தப் பொண்ணே கேட்டிருக்காளே” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 23, செவ்வாய்

டப்பாவை வகுப்புக்குக் கொண்டு போகவில்லை. “டப்பா எங்க சார்?” என்று கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்றேன். பொய். முப்பத்தைந்து பிள்ளைகள் முன்னால் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மாடிப்படியில் சுருட்டை எதிரே வந்தாள். “சார் தப்பு பண்ணிட்டேம்மா” என்றேன். நின்றாள். நானும் நின்றேன், அவள் ஏதாவது சொல்லுவாள் என்று. மறுபடியும் அவளைப் பேச வைக்கக் காத்து நிற்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. “போம்மா, நேரமாச்சு” என்றேன். போனாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

‘பி’ பிரிவு டீச்சர் விடுப்பு. அந்த வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். நான் நுழைந்ததும் சுருட்டை நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

இரண்டு பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை ஏழு வரும் வாய்ப்பு என்ன என்று கேட்டேன். யார் பக்கம் கையை நீட்டுவதென்று தெரியாமல் நின்றேன். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் சுருட்டையைக் காட்டி, “சார், அவ போர்டுல போடுவா, நாங்க சேந்து படிப்போம். எங்க டீச்சர் அப்படித்தான் செய்வாங்க” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. தினமும் நடப்பதுதான் போலிருக்கிறது.

அவள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்த சாக்பீஸை நீட்டினேன். அதைப் பார்த்தாள். பிறகு பலகையின் கீழ்ச்சட்டத்தில் கிடந்த ஒரு துண்டை எடுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ஒன்றும் ஆறும். இரண்டும் ஐந்தும். அவள் எழுத எழுத வகுப்பு முழுவதும் சத்தமாகப் படித்தது.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்து நின்றேன்.