இரண்டு மணி ஐந்து நிமிட ஊசி

ஆகஸ்ட் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றும். படித்துவிட்டுக் கிழி. போன் செய்தால் எடுக்க மாட்டாய். உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், அவர் பாதியை மறந்து மீதியை மாற்றிச் சொல்வார். பாவம், நான்கு வருடமாக அவருக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

விஷயத்துக்கு வருகிறேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் இருபத்து நாலாம் தேதி. ஏழாம் படுக்கையில் ஒரு பஸ் டிரைவர், காலில் ஆபரேஷன் ஆனவர். ரத்தம் உறையாமல் இருக்க எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. நான் கீழே ஸ்டோரில் கையுறைப் பெட்டி வாங்கிக்கொண்டு மேலே வந்து பார்க்கிறேன், அவர் வயிற்றில் புதிதாக இரண்டு பஞ்சு. தட்டில் இரண்டு காலிக் குப்பி. மதியம் இரண்டு மணி ஊசியை இரண்டு முறை போட்டிருக்கிறார்கள்! ஓடிப்போய் டாக்டரை இழுத்துவந்து மாற்று மருந்து கொடுத்தோம். மூக்கில் ரத்தம் வந்ததோடு மனிதர் தப்பித்தார். நடந்ததை அப்படியே எழுதி மேலே கொடுத்ததும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு நீ செய்து கொடுத்த மருந்துப் பதிவுக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்கள். ஒரே பதிவு. இரண்டு மணி ஐந்து நிமிடம், ஊசி போட்டவர் பெயர் என்னுடையது. "ஒன்ன எழுதாம போட்டுட்டு, மறந்துபோய் இன்னொன்னு போட்டிருக்கீங்க" என்கிறார் நிர்வாக அதிகாரி. அந்த நேரம் நான் வார்டிலேயே இல்லை என்றால், "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சிஸ்டர்" என்று சிரிக்கிறார்.

விசாரணை இருபத்தெட்டாம் தேதி. இந்த வேலை மட்டும் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். நர்ஸ் பதிவையே ரத்து செய்யச் சொல்லி எழுதப்போகிறார்களாம். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலும் நான் ஒரு பஞ்சைக்கூடத் தொட முடியாது. இருபத்தாறு வருடம், அம்மா.

நான்கு வருடத்துக்கு முன்னால் இந்தக் கம்ப்யூட்டர் திறப்பு விழா மைக்கில் நான் பேசியது உனக்கு இன்னும் ஆறியிருக்காது. "இதச் செஞ்சவங்க ஒரு நாளாவது வார்டுல நின்னிருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்க" என்றேன். செய்தது நீ என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். நீ சாப்பிடாமல் கிளம்பிப் போனாய். சொன்ன விஷயம் தப்பில்லை, சொன்ன இடம் தப்பு. ஆகவே பாதி மன்னிப்பு கேட்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது உனக்குத்தான் தெரியும். கொஞ்சம் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணி


ஆகஸ்ட் 9

அண்ணிக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. பாதி மன்னிப்பும் கிடைத்தது.

உங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அனுமதி வாங்கி அன்றைய பதிவுகளைப் பார்த்தேன். காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை உங்கள் பெயரில் முந்நூற்றுப் பன்னிரண்டு மருந்துகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே நிமிடத்தில் மூன்றாம் படுக்கைக்கு மாத்திரை, இருபதாம் படுக்கைக்கு ஊசி. உங்களுக்கு எத்தனை கை அண்ணி?

வார்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். மழுப்பினால் என்னால் எதுவும் செய்ய முடியாது.

அண்ணன் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாரா?

இப்படிக்கு,
நாத்தனார்


ஆகஸ்ட் 13

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணன் மாத்திரையை நான் வாயில் போட்டால்தான் விழுங்குகிறார். அதையும் என் பெயரில் எழுதிக்கொள், முந்நூற்றுப் பதின்மூன்று.

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். வார்டில் மொத்தம் ஒன்பது பெண்கள். ஒன்பது பேரும் என் பாஸ்வேர்டில்தான் வேலை பார்க்கிறார்கள். நல்லாத் திட்டு. திட்டி முடித்துவிட்டு மேலே படி.

ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் அவளுக்குப் பாஸ்வேர்டு வர மூன்று வாரம். இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை, கையெழுத்துப் போடுகிறவர் லீவு. அதுவரை அவள் மருந்து கொடுக்காமல் நிற்க முடியுமா? பாஸ்வேர்டு இருக்கிறவளுக்கும் உள்ளே நுழைய நான்கு நிமிடம் ஆகிறது. அந்தப் பக்கம் ஒருத்தர் வலியில் கத்துகிறார், இந்தப் பக்கம் உன் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் காலையில் வந்ததும் இரண்டு கம்ப்யூட்டரையும் என் பெயரில் திறந்து வைத்துவிடுவேன். ராத்திரி வரைக்கும் அப்படியே கிடக்கும். கதவைத் திறந்துவிட்டவள் நான்தான்.

அன்று ஷிஃப்ட் மாறுகிற நேரம். வேலை முடித்துக் கிளம்பியவள் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஊசியைப் போட்டு, நர்ஸ் மேஜைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிட்டாள். உள்ளே வந்தவள் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறாள். 'இன்னும் போடவில்லை' என்றே இருந்திருக்கிறது. அங்கேயே பதிவு செய்துவிட்டுப் போட்டுவிட்டாள். அன்றைக்கு, சேர்ந்து பதினேழு நாள்தான் ஆகியிருந்தது அவளுக்கு. என் தோளில் விழுந்து அப்படி அழுதாள்.

நான் வாயைத் திறந்தால் ஒன்பது பேருக்கும் ஆபத்து. பெயரை உன்னிடம்கூட எழுத மாட்டேன், கேட்காதே.

இப்படிக்கு,
உன் அண்ணி


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணி,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கண்டுபிடித்துவிட்டேன். தப்பு என்னுடையது.

திரை ஒரு முறை திறந்தால், மறுபடி திறக்கும்வரை பழைய பட்டியலைத்தான் காட்டும். அது எனக்குத் தெரியும். அதற்காகவே ஒரு காவல் வைத்திருந்தேன். ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் மறுபடி பதிவு செய்யப் போனால் திரை சிவந்து தடுக்கும். ஆனால் அதே பெயர்க்காரர் பதிவு செய்தால் தடுக்காது. ஒரே ஆள் ஒரே ஊசியை இரண்டு முறை போடுவாரா, நேரத்தைத் திருத்துகிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு முதல் பதிவை மறைத்துவிடும். கம்ப்யூட்டருக்கு அப்படிக் கட்டளையிடும் வரியை எழுதியவள் நான். கீழே என் பெயரும் தேதியும் இருக்கின்றன.

மறைந்த பதிவு அழியவில்லை, உள்ளே பத்திரமாக இருக்கிறது. 1:54, நர்ஸ் மேஜை. 2:05, ஜன்னலோரம். அது மட்டுமில்லை. ஸ்டோரில் கையுறை வாங்க நீங்கள் விரல் ரேகை வைத்தீர்களே, அதுவும் சரியாக 2:05. உங்களால் ஒரே நேரத்தில் இரண்டு தளத்தில் நிற்க முடியாது.

எங்கள் கம்பெனி மேனேஜரிடம் சொன்னேன். "எழுத்துல எதுவும் கொடுத்துடாதம்மா, இன்னும் பதினோரு ஆஸ்பத்திரியில இதே திரைதான் ஓடுது" என்றார். "அதுக்காகத்தான் சார் எழுதப்போறேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வேலை போகலாம். போனால் அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வேன், நீங்கள்தான் சோறு போட வேண்டும்.

விசாரணைக் குழுவுக்கு ஆறு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. பாஸ்வேர்டு விஷயத்தை நீங்கள் அங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் பாதியை மறைத்தால் என் பாதி நிற்காது. தயவுசெய்து அண்ணி.

மேடையில் நீங்கள் சொன்னது எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்றால், அது நிஜம். நான் வார்டில் நின்றதே இல்லை. கான்பரன்ஸ் ஹாலில் உட்கார்ந்து, மூன்று டாக்டர்களைக் கேட்டு எழுதினேன். நர்ஸ் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. வீட்டிலேயே ஒருவர் இருந்தும் கேட்கவில்லை.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 29

அடியே,

ஜெயித்துவிட்டோம்டி!

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே. மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர், நடுவில் தலைமை டாக்டர். உன் ஆறு பக்கத்தைப் படிக்கச் சொல்லி அந்த நிர்வாக அதிகாரி கையிலேயே கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் கோயில் மணி மாதிரி கணீரென்று இருந்த குரல், நாலாம் பக்கத்தில் கிணற்றுக்குள் போய்விட்டது. 'இந்த வரியை எழுதியது நான், பதிவு தவறாகக் காட்டியதற்கு நானே பொறுப்பு' என்ற இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலிருந்தது.

அப்புறம் நான் எழுந்தேன். பாஸ்வேர்டு கொடுத்தது நான்தான், யாரும் திருடவில்லை, கொடுக்கிற நிலைமை ஏன் வந்தது என்பதையும் கேளுங்கள் என்று மூன்று வாரம், நான்கு நிமிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "சரி, ரெண்டாவது ஊசி போட்டது யாரு?" என்றார் ஒருவர்.

"இது ஊசி போடுற கை சார். காட்டிக் கொடுக்கிற கை இல்ல" என்றேன்.

கதவு திறந்தது. அந்தச் சின்னப் பெண்! வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "நான்தான் டாக்டர்" என்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். தலைமை டாக்டர் அவளைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "திரையில என்னம்மா இருந்துச்சு?"

"இன்னும் போடலைன்னு இருந்துச்சு டாக்டர். அத நம்பினேன்."

பத்து நிமிடம் எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். கூப்பிட்டுச் சொன்னார்கள். நாளையிலிருந்து நான் வேலைக்கு வரலாம். பாஸ்வேர்டைக் கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு, அதை வாங்கிக்கொண்டேன், நியாயம்தான். வேறு யார் மேலும் நடவடிக்கை இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இனி அன்றே ஒரு அட்டை, அதைக் கம்ப்யூட்டரில் தொட்டால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போய்விடலாம். "இந்தக் கடிதம் எழுதினவங்கள வரச் சொல்லுங்க, வார்டைப் பார்த்துட்டு அவங்களே இத மாத்தட்டும்" என்றார் தலைமை டாக்டர். "என் நாத்தனார் சார்" என்றேன். அதைச் சொல்கிறபோது என் கழுத்து அரை அடி உயர்ந்திருக்கும்.

உன் அண்ணன் வெளி பெஞ்சில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார். ஜெயித்ததுக்கு அழுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். பாக்கிப் பாதி மன்னிப்பையும் இதோடு வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்.

உன் அண்ணி


செப்டம்பர் 24

அன்பு அண்ணி,

நேற்று இரவு ஊர் வந்து சேர்ந்தேன். பத்து நாள் உங்கள் வார்டில் நின்றதில் குதிகால் இன்னும் எரிகிறது. நீங்கள் எப்படி இதை இருபத்தாறு வருடம் செய்தீர்கள்?

மேனேஜர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் முதலாளி கூப்பிட்டார். என் கடிதத்துக்குப் பிறகு பதினோரு ஆஸ்பத்திரியிலும் மறைந்த பதிவுகளைத் தோண்டிப் பார்த்தோம். நான்கு வருடத்தில் நாற்பத்தொரு இரட்டை மருந்து. யாருக்குமே தெரியாமல் போயிருக்கிறது. உங்களைப் போல் இரண்டு பஞ்சைப் பார்த்துக் கத்த அங்கே ஆளில்லை. முதலாளி அதை இரண்டு முறை படித்தார். பன்னிரண்டு இடத்திலும் மாற்றும் பொறுப்பை என்னிடமே கொடுத்திருக்கிறார்.

ஒன்றாம் தேதியிலிருந்து உங்கள் வார்டில் புதியது ஓடும். அட்டையைத் தொட்ட அந்த நொடியில் திரை புதிதாகிவிடும். யார் பெயராக இருந்தாலும், போட்ட மருந்தை மறுபடி போட விடாது. ஏதாவது கோளாறு தெரிந்தால் உடனே சொல்லுங்கள், மைக்கிலேயே சொன்னாலும் சரி.

உங்கள்
நாத்தனார்


அக்டோபர் 6

என் தங்கமே,

இதை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். உன் அண்ணனுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

இன்று காலை ஏழு நாற்பது. ஷிஃப்ட் மாறுகிற சந்தடி, அதோடு ஸ்ட்ரெச்சரில் புதிதாக இரண்டு பேர். ஒன்பதாம் படுக்கையில் ஒரு தையல்கார அம்மா. சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை ஊசி. பெண்கள் எல்லோரும் ஸ்ட்ரெச்சர் பக்கம் ஓடிவிட்டதால், சரி நாமே போடுவோம் என்று மருந்தை ஏற்றிக்கொண்டு போனேன். பஞ்சால் துடைத்தும் ஆயிற்று. இடது கையால் அட்டையைக் கம்ப்யூட்டரில் தொட்டேன்.

திரை சிவந்துவிட்டது. '7:31-க்குப் போட்டாயிற்று.' இரவு ஷிஃப்ட் பெண் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறாள்.

ஊசி என் கையில் இருந்தது. சின்னப் பெண் கையில் இல்லை, என் கையில். இரண்டாவது முறை போட்டிருந்தால் சர்க்கரை இறங்கி, இட்லி சாப்பிட்ட கை காய்வதற்குள் மயங்கியிருப்பார், அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கே தெரியும். ஊசியை மூடித் தட்டில் வைத்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவே இல்லை.

"என்ன சிஸ்டர், ஊசி இல்லையா?" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா. உங்களுக்குப் போட்டாச்சு."

"அப்பாடா" என்று சொல்லிவிட்டு, இட்லித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

உன் அண்ணி