கழுவுவதற்கு முன் கிண்ணம்

மார்ச் 3, செவ்வாய்

அட, நீயே நேரில் வந்து பார்த்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாய் சாமி! ஒரு பெரிய ஊசிக்குழாய், அவ்வளவுதான். கரண்ட் வேண்டாம், மிஷின் வேண்டாம். புது டாக்டரம்மா அதை வைத்து ஏழு வாரக் கருவை உறிஞ்சி எடுத்துவிட்டார். நான் வெளியே போய்த் துணி எடுத்து வருவதற்குள் முடிந்தது! பழைய டாக்டர் சுரண்டித்தான் எடுப்பார். மயக்க மருந்து, ரத்தம், இரண்டு நாள் படுக்கை. இருபத்தாறு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் சாமான் கழுவுகிற எனக்குத் தெரியாதா? இன்றைக்கு அந்தப் பெண் ஒரு மணி நேரத்தில் டீ குடித்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்து போனாள்.

“உள்ள எதுவும் தங்கிடாதா?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

“நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேருக்கு ஒரே தடவைல முடிஞ்சிரும்க்கா.”

மார்ச் 4, புதன்

அக்கா மகள் வந்தாள். ஆறு வாரமாம். “சின்னவனுக்கு இன்னும் பல்லே முளைக்கல சித்தி. நானும் அவரும் பேசி முடிவு பண்ணிட்டோம். ஆனா பயமா இருக்கு.”

“நான் இருக்கேன்டி! நாளைக்கே வா” என்று பெருமை அடித்தேன்.

மார்ச் 5, வியாழன்

மரத்துப்போக ஊசி போட்டார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். “நீங்க வாய மூடுனா வலி பாதி குறையும் சித்தி” என்றாள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். எட்டே நிமிஷம்.

உறிஞ்சி எடுத்ததை விட்டிருந்த கிண்ணத்தை எடுத்தேன், தொட்டியில் ஊற்றினேன், குழாயைத் திறந்தேன். கை பழக்கம்.

“அக்கா, கிண்ணம் எங்க?” என்றார் டாக்டரம்மா.

அதைத் தண்ணீரில் அலசி, விளக்கில் பிடித்து, எல்லாம் வந்துவிட்டதா என்று பார்ப்பார்களாம். செவ்வாய்க்கிழமை அவர் அப்படிப் பார்த்தபோது நான் துணி எடுக்கப் போயிருந்தேன். ஐயோ, கழுவிக் கழுவியே கெட்டேனே! என் அக்கா பொண்ணுக்கா இப்படிப் பண்ணினேன்?

ஸ்கேன்காரர் வியாழக்கிழமை காலையில் மட்டும்தான் வருவார். இன்று போய்விட்டார். டாக்டரம்மா அவளிடம் ஒளிக்காமல் சொன்னார்: “அடுத்த வாரம் பாத்துருவோம். ரத்தம் அதிகமானாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வந்துரணும்.”

மார்ச் 8, ஞாயிறு

இன்றைக்கு நாலாவது போன். “எனக்குக் காய்ச்சல் இல்ல சித்தி. போனுக்குத்தான் வந்துரும்போல.”

மார்ச் 12, வியாழன்

சுத்தம்! சுத்தமா இருக்கு! ஸ்கேன்காரர் சொன்னதும் நான் போட்ட கூச்சலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அக்கா மகள் என் தலையில் செல்லமாகக் குட்டினாள்.

“இனிமே கிண்ணம் உங்க பொறுப்பு. எனக்குக் காட்டாம குழாயத் திறக்கக் கூடாது” என்றார் டாக்டரம்மா. அடுத்து வந்த பெண்ணின் கிண்ணத்தை விளக்கடியில் வைத்துக் காட்டவும் காட்டினார். எடுத்த கரு, தண்ணீரில் பிரிந்த பஞ்சு மாதிரி மிதந்தது. மத்தியானம் மூன்று பேர். கடைசிக் கிண்ணத்தில் பஞ்சு கொஞ்சமாகத்தான் இருந்தது. “பத்தாதே டாக்டரம்மா!” என்றேன். பார்த்தார், மறுபடி ஊசிக்குழாயை வைத்து உறிஞ்சினார், மிச்சமும் வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அடடா, இப்பத்தான் ஞாபகம் வருது சாமி. அவளுக்குள்ள ஒண்ணும் தங்கிடக் கூடாதுன்னுதான் இந்த ஏழு நாளும் உன்ன வேண்டினேன். இது பாவமான்னு ஒரு தடவகூட கேக்கல.